உளுந்து அகலம்

மே 12
தங்கையைக் கண்ணை மூடச் சொன்னால் இடது பக்கம் ஓர் உளுந்து அகலத்துக்கு வெள்ளை தெரிகிறது. கருவிழி மேலே ஓடி ஒளிந்துகொள்கிறது.

மே 13
மருத்துவர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலப்பக்கம் மட்டும் மடிப்பு விழுந்தது. நெற்றியும் சேர்ந்து அசையாமல் நிற்பதால் இது மூளை சம்பந்தப்பட்டதில்லை, முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பில்தான் வீக்கம் என்றார். மூன்று நாளுக்குள் வந்தது நல்லதாம். பத்து நாள் மாத்திரை. பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, இமைமேல் பிளாஸ்திரி. ஜூன் 9 கல்யாணத்துக்குள் கண் மூடுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே கேட்டாள். "பெரும்பாலும் திரும்பிவிடும் அம்மா, நாள் சொல்ல முடியாது."

மே 14
மொட்டை மாடியில் படுத்ததால் காற்று பட்டுவிட்டது என்று ஆயா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். கத்திரி வெயிலில் வேலூரில் மாடியில் படுக்காமல் வேறெங்கே படுப்பது?

மே 17
இன்று பார்லரில் மூன்று மணப்பெண்கள். காட்பாடியிலிருந்து வந்தவளுக்கு இமைமேல் தோல் இறங்கி மடிப்பை மூடியிருந்தது. இப்படிப்பட்ட கண்ணை மூடவைத்துக் கோடு போட்டால், திறந்ததும் கோடு மடிப்புக்குள் போய்விடும். கண்ணாடியை நேராகப் பார்க்கச் சொல்லி, திறந்த கண்ணில்தான் போட வேண்டும். நிழலையும் மடிப்பில் வைக்காமல் அதற்குச் சற்று மேலே வைத்தேன். இரண்டாமவளுக்குக் கண்கடை கீழே சரிந்திருந்தது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கோட்டைத் தூக்கினேன். கீழிமையில் மை வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, வைத்தே ஆக வேண்டும் என்றாள். மூன்றாமவளுக்கு உருண்டைக் கண், நேராகப் பார்க்கும்போதே கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். நடுவிலிருந்து கண்கடை வரை தடித்த கோடு, வெளி ஓரத்தில் மினுக்கமில்லாத பழுப்பு. மினுக்கம் வைத்தால் இன்னும் பிதுங்கித் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தேன். இரண்டும் பாதாம் வடிவமாக இருந்த கண்கள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கு முதன்முதலாக மை இட்டதிலிருந்து எனக்கு மனப்பாடம். இப்போது வலது பாதாம், இடது உருண்டை. கீழிமை தொய்ந்து கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரிகிறது. புருவமும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ முகங்களைத் தொட்டிருக்கிறேன். ஒரே முகத்தில் இரண்டு வகைக் கண்ணை இதுவரை தொட்டதில்லை.

மே 18
உளுந்து.

மே 20
ஆரணிக்குப் போய் முகூர்த்தப் புடவை எடுத்தோம். அரக்கு. பஸ் ஜன்னல் காற்றில் கண் காய்ந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அழகாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிட்டாளாம். குடியாத்தத்தில் மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது.

மே 23
மாத்திரை முடிந்தது. உளுந்து.

மே 25
ஆயா கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரி திரித்துவிட்டாள். விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் கரி பிடித்து மை கூட்டுகிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மணவறையில் அந்த மைதான் இட்டுக்கொண்டார்கள். நானும். அவளும் அதையே கேட்கிறாள். இடது கண்ணின் உள்விளிம்பில் எதுவுமே படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இமை அடித்தால்தானே கண் தூசைக் கழுவும்? "வலதில் மட்டும் வைக்கட்டுமா" என்றேன். பதில் சொல்லாமல் எழுந்து போனாள். ஆயாவிடம் நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

மே 26
ஆயாவைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ஜலகண்டேஸ்வரர் முன்னால் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து சொன்னாள்: "நூறு நூறு வருஷமாக வெளியே இருந்த சாமி. நம் சத்துவாச்சாரியிலிருந்து 1981இல் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். ஓர் இமை திரும்பாதா?" அகழி ஓரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேற்றைய பேச்சு இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

மே 30
இரவு இரண்டு மணி. தூக்கமில்லை. இதுவரை இடது கண்ணைச் சரிசெய்வது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். தொடக் கூடாத கண் அது. வேலையை வலதில் செய்ய வேண்டும். வலது உள்விளிம்பில் சந்தன நிறப் பென்சில் வைத்தால் அது அகலும். மேலே மெல்லிய கோடு போதும். இடதில் மேலிமைக்கு வெளியே மட்டும் தடித்த கோடு. பொடி வேண்டாம், உதிரும், கிரீம் நிழல். ஒட்டு இமைமயிர் இரண்டு பக்கமும் இல்லை, அந்தப் பசையை நம்ப மாட்டேன். புருவத்துக்கு இடதில் மேல் விளிம்பையும் வலதில் கீழ் விளிம்பையும் நிரப்ப வேண்டும்.

ஜூன் 1
அரிசி அகலம்! நெற்றியில் இடப்பக்கம் நூல்போல ஒரு கோடு. எல்லோரையும் எழுப்பினேன்.

ஜூன் 3
ஒத்திகை. முதல் முறை இடது கோடு தடித்து, அடி வாங்கிய கண் போலாகிவிட்டது. துடைத்தேன். இரண்டாவது முறை இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தன. சிரித்தாள். சிரித்ததும் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்கு என் பெட்டியில் எதுவும் இல்லை.

ஜூன் 4
"அக்கா, நீ என்னைப் பார்ப்பதே இல்லை. கண்ணைத்தான் பார்க்கிறாய்."

ஜூன் 5
நாள் முழுவதும் அது காதிலேயே இருக்கிறது. இன்று அளக்கவில்லை.

ஜூன் 6
ஆயாவின் மையை இடது காதுக்குப் பின்னால் திருஷ்டிப் பொட்டாக வைப்பது என்று முடிவாயிற்று. சொன்னது அவள்தான். ஆயா அழுதுவிட்டாள்.

ஜூன் 8
மண்டபத்து அறை. எல்லோரும் படுத்துவிட்டார்கள். பிளாஸ்திரி ஒட்டும் முன் ஒரே ஒரு முறை டார்ச்சை அருகில் கொண்டுபோனேன். வெளிச்சம் கூசி மூடினாள். கடுகா, அதுவும் இல்லையா என்று பார்ப்பதற்குள் திறந்துவிட்டாள். இன்னொரு முறை மூடு என்றால், தூங்கவிடு அக்கா, நான்கு மணிக்கு எழுப்பு என்கிறாள்.