அணைக்கு அந்தப் பக்கம்

ஜூன் 3

கிளம்பும்போது அப்பா வழக்கம்போல் பேப்பரை மடித்துக் கையில் தந்தார். அதில் அணைகளின் நீர்மட்டம் போடும் ஒரு பெட்டிச் செய்திதான் அவருக்கு முக்கியம். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு விவசாயி வீட்டில் இதுதான் ராசிபலன். எங்கள் வயல் தோவாளை சானல் என்ற பாசனக் கால்வாயின் கடைவரம்பில் இருக்கிறது. தண்ணீர் கடைசியாக வந்து முதலில் நின்றுபோகும் இடம். பாட்டா உயிரோடு இருந்தவரை காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தன அடி?"

நான் வேலை பார்ப்பது அந்த அடிக்கணக்குக்கு அந்தப் பக்கம். பேச்சிப்பாறை அணையில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைத் தாண்டி, காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் தொடக்கப்பள்ளி. ஊர்ப்பெயர் எழுதமாட்டேன். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு யாராவது வந்து இறங்குவார்கள். தச்சமலை, தோட்டமலை பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை போனால் வெள்ளி சாயங்காலம்தான் திரும்புவேன். இது மூன்றாவது வருடம்.

லீவு முடிந்து இன்று முதல் நாள். குலசேகரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து பேச்சிப்பாறைக்கு இன்னொன்று, பிறகு ஜீப், பிறகு கடவு, அதாவது வள்ளம் (படகு) ஏறும் துறை. தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. பங்குனி, சித்திரையில் காய்ந்து வெடித்திருந்த தரை, கோடை மழை நாலு பெய்ததில் களியாகிவிட்டது. வள்ளம் நிற்கும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் சேறு. ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பை, தலையில் சத்துணவுக்கான முட்டை அட்டை. எனக்கு முன்னால் போன அக்கா சேற்றில் புதைந்த காலை உருவும்போது 'சுளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒரு செருப்பு போய்விட்டது.

வெளியூர்க்காரர்கள் அணை நிரம்பினால்தான் மலைக்காரர்களுக்குக் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். நிரம்பினால் வள்ளம் நேராக வாசல் பக்கம் வரும். நன்றாகக் காய்ந்தால் பாதி தூரம் நடந்தே போகலாம். இரண்டும் கெட்டான் நாட்கள்தான் உயிரை வாங்கும்.

ஜூன் 7

வள்ளக்காரர் இன்று, "வெள்ளம் வருது டீச்சரே" என்றார். முதல் வருடம் இதே வார்த்தையைக் கேட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவள் நான். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு உடைத்துக்கொண்டு வருவது. இங்கே குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம், குழம்பில் கூடிப்போனதும் வெள்ளம். மாவட்டம் ஒன்றுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தும் ஆயிற்று. ஆனால் பேச்சு தக்கலையைத் தாண்டினால் நிறம் மாறும், குலசேகரம் தாண்டினால் மணமும் மாறும். என் பிள்ளைகள் பரீட்சையில் 'நீர்' என்று எழுதுவார்கள், இடைவேளையில் "டீச்சரே, வெள்ளம் குடிக்கணும்" என்பார்கள். நான் திருத்துவதில்லை.

ஜூன் 12

அப்பா போன் பண்ணினார். சிக்னல் பாறையில் ஏறி நின்றால்தான் குரல் தெளியும். "தொறந்தாச்சு மக்கா! பாண்டியன் கால்ல தண்ணி போவுதாம்." கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அவர் குரலில் இருபது வயது குறைந்திருந்தது. இங்கிருந்து போகும் தண்ணீர் பெருஞ்சாணித் தண்ணீரோடு புத்தன் அணையில் சேர்ந்து, பாண்டியன் கால் வழியாக தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாடு புத்தனாறு என்று பிரிந்து போய்க் கடைசியில் எங்கள் மடைக்கும் கொஞ்சம் வந்து சேரும்.

பாறையிலிருந்து இறங்கி வந்து வள்ளக்காரரிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "தொறந்தாச்சா? அப்பம் ஏறினது இறங்கும். இன்னும் ரெண்டாழ்ச்ச சேறுதானாக்கும்."

என் அப்பாவையும் இவரையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்துப் பார்க்கவேண்டும்.

ஜூன் 18

நீட்டல் அளவை பாடம். புத்தகத்தில் பென்சில் நீளம், மேசை நீளம் என்று போட்டிருந்தது. மழை விட்ட நேரமாகப் பார்த்து நாலு, ஐந்தாம் வகுப்பைக் கடவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு கமுகு வரிச்சில் அரிவாளால் ஓரடிக்கு ஒரு வெட்டு போட்டு, தண்ணீர் விளிம்பில் நட்டோம். பிறகு இரண்டு ஈர்க்குச்சி: ஒன்று இப்போது தண்ணீர் நிற்கும் இடத்தில், மற்றது அது ஓரடி ஏறினால் வந்து நிற்கும் இடத்தில். நடுவே பிள்ளைகள் எட்டு வைத்து அளந்தார்கள்.

எங்கள் கடவில் சரிவு கூடுதல். ஓரடி ஏறினால் கரை 6 எட்டுதான் உள்ளே போகும். சற்றுத் தள்ளி, மரச்சீனி (மரவள்ளி) போட்டிருக்கும் சரிவில் அதே ஓரடிக்கு 29 எட்டு. அளந்தவன் குட்டிப்பையன். என் எட்டில் அது 20 கூட வராது. அந்தச் சரிவில் மரச்சீனி வைத்திருக்கும் வீட்டுப் பெண் அங்கேயே நின்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். எத்தனை மூடு கிழங்கைப் பிடுங்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வாய்ப்பாடு இன்னும் அவளுக்கு வராது.

திரும்பும்போது நாலாம் வகுப்புக்காரன் கேட்டான்: "டீச்சரே, பேப்பர்ல போடுற அடி யாருக்க காலடி?"

பதில் சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். ஸ்கேலைக் காட்டிப் பன்னிரண்டு அங்குலம் என்று சொன்னால் அவன் கேட்டதற்கு அது பதிலாகாது.

ஜூலை 8

மூன்று நாளாக வள்ளம் இல்லை. மழைகூடப் பரவாயில்லை, காற்றுதான். மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் தேக்கத்துத் தண்ணீர் கடல் மாதிரி அலை எறிகிறது. என் அரிசி தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாயை உப்பு வைத்து நசுக்கியதும் வந்தது. கட்டன் சாயாவோடு இதைத் தின்று பழகியவர்கள் இட்லியைத் தேடமாட்டார்கள் என்று அந்த வீட்டு அம்மை சொல்கிறாள். நான் தேடுகிறேன். ஆனால் சொல்லவில்லை.

ராத்திரி அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் கொக்கரையை எடுத்து வைத்துக்கொண்டார். இரும்புக் குழாய், வரிவரியாகப் பல் வெட்டியது. இரும்புக் கம்பியால் உரசினால் 'கிறிக் கிறிக்' என்று காட்டுப்பூச்சி கத்துவதுபோல் ஒரு தாளம். நோய் வந்த வீட்டில் பிலாத்தி என்கிற காணி மந்திரவாதி உட்கார்ந்து விடிய விடியச் சாற்றுப் பாட்டு பாடுவது இதை வைத்துத்தான். இன்று சும்மா, காற்றுக்குப் பதில் சொல்வதற்காக. இடையில் நிறுத்தி, அணை கட்டுவதற்கு முன்னால் ஆற்றோரமாக நடந்தே குலசேகரம் சந்தைக்குப் போய் நல்லமிளகு விற்று வந்த கதையை அவர் பாட்டன் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். "அப்பம் வழி இருந்தது. ரோடுதான் இல்ல. இப்பம் அக்கரையில ரோடு உண்டு, வழிதான் இல்ல."

ஜூலை 9

காற்று. புட்டு. மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள்.

ஆகஸ்ட் 2

எழுத மனமில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

புதன் ராத்திரி, காலடி கேட்ட அதே பையனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. பத்து மணி இருக்கும். வள்ளத்தில் அவன் அப்பா, மாமன், நான். வள்ளக்காரர் துடுப்பு போட, மாமன் முன்னால் டார்ச்சைப் பிடித்தான். வற்றிய காலத்தில் வெட்டாமல் விட்ட மரக்குற்றிகள் தண்ணீருக்குள் நிற்கும். மேலே தெரிந்தால் பயமில்லை. அரையடி கீழே நிற்பதுதான் வள்ளத்தைக் கிழிக்கும். எந்தக் குற்றி இன்று எவ்வளவு ஆழத்தில் என்று அந்த மனிதருக்கு மனப்பாடம். அவருக்கும் ஓர் அளவுகோல் உண்டு: நடுவில் யானை முதுகுபோல் ஒரு பாறை. யானைக்கல் என்பார்கள். காது தெரிந்தால் இந்த வழி, முதுகு மட்டும் என்றால் அந்த வழி, முழுக்க முங்கினால் எந்த வழியும். அன்று முதுகு மட்டும்.

அக்கரையில் 108 காத்து நின்றது. பையன் மூன்று நாளில் தேறிவிட்டான். மருத்துவமனையில் சீட்டு எழுதியவர் மட்டும் தலை நிமிராமல், "இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். வள்ளக்காரரின் உள்ளங்கையை அவருக்கு விரித்துக் காட்டியிருக்கவேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

பாலத்துக்கு அளக்க இரண்டு தடவை ஆட்கள் வந்துபோனார்கள். இரண்டு தடவையும் சாயா கொடுத்தோம். வனம், அதனால் அனுமதி கஷ்டம் என்று பதில் வரும். 2006-ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தை நான் வாசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, சாலை என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபை பரிந்துரை செய்தால் கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. தண்ணீரின் நடுவே 75 மரத்துக்கு எங்கே போவது? பட்டுப்போன குற்றிகளையும் எண்ணுவார்களோ என்னவோ.

ஆகஸ்ட் 17

சும்மா அணையைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று வருடமாகப் பின்பக்கத்திலிருந்தே பார்க்கிறேன், முன்பக்கம் போய் நிற்பது அபூர்வம். 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த அணை. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் சமாதி பக்கத்திலேயே இருக்கிறது. தான் கட்டியதற்கு அருகிலேயே படுத்துக்கொண்ட மனிதர். பாட்டா அவர் பெயரைச் சொல்லும்போது 'துரை'யைக் கூட்டாமல் சொன்னதில்லை.

முழுக் கொள்ளளவு 48 அடி. இந்தத் தண்ணீருக்குச் சும்மா இருக்கும் பழக்கம் இல்லை. மேலே கோதையாற்றில் மலையிலிருந்து குழாயில் இறங்கி ஒரு மின்நிலையத்தில் 60 மெகாவாட், அடுத்ததில் 40 மெகாவாட் என்று விசையாழியைச் சுற்றிவிட்டுத்தான் இங்கே வந்து படுக்கிறது. பிறகு வயலுக்கு. சம்பளம் வாங்காத வேலைக்காரி.

செப்டம்பர் 20

யானை. வாழைத்தோட்டம் இரண்டு போயிற்று. ராத்திரி முழுக்கத் தகரம் தட்டினார்கள். காலையில் பிள்ளைகளுக்குள் விவாதம்: வந்தது அரிக்கொம்பனா, இல்லையா? 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்து மேல்கோதையாறு முத்துக்குழிக் காட்டில் விட்டார்களே, அன்றிலிருந்து இந்த மலையில் எந்த யானை எதை முறித்தாலும் பழி அவன்மேல்தான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவனுக்காக வாதாடினாள். "அவன் அரிசிதான் தின்னுவான். நம்ம வீட்டுல அரிசி எங்க இருக்கு?"

அக்டோபர் 14

வடகிழக்கு மழை தொடங்கவில்லை என்று ரேடியோ சொல்கிறது. எங்களுக்கு யார் தொடங்கினார்கள், யார் முடித்தார்கள் என்று கணக்கே இல்லை. இரண்டு பருவமும் இந்த மலையில்தான் கைமாற்றிக்கொள்கின்றன. மூன்று நாளாகக் கொட்டுகிறது. மரச்சீனிச் சரிவில் இருந்ததை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு குவியல் கிடக்கிறது. விளையும் முன்னே பிடுங்கிய கிழங்கு நாராக இருக்கும். அந்தப் பெண்ணின் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அக்டோபர் 18

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும் வழியில் திற்பரப்பில் குளிக்கத் தடை. அணையிலிருந்து உபரி திறந்துவிட்டதால் அருவி செம்மண் நிறத்தில் பாறையே தெரியாமல் விழுகிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள்.

அப்பா வயலுக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் போகமான கும்பப்பூ நடவு முடிந்து பத்து நாள். வரப்பில் நின்று மடையைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டார். தண்ணீர் அவசரமே இல்லாமல் உள்ளே போயிற்று. கலங்கல்கூட இல்லை. கையை விட்டுப் பார்த்தேன், நல்ல குளிர்ச்சி.

"44 தாண்டிட்டாம். கடைவரம்புக்கு இனி பயமில்ல" என்றார்.

"அப்பம் யானைக்கல் முங்கியிருக்கும்" என்றேன்.

"அது எது?"

சொன்னேன். காது, முதுகு, குற்றி, டார்ச், எல்லாம். அவர் ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் வள்ளக்காரர் போன் பண்ணினார், எந்தப் பாறையில் ஏறி நின்றாரோ. லீவு முடிந்து வரும்போது பழைய கடவுக்கு வரவேண்டாமாம். வெள்ளம் பள்ளிக்கூட நடை வரை ஏறிவிட்டதாம்.

"வள்ளம் நேரே நடையில வந்து நிக்கும். செருப்பக் கழற்ற வேண்டாம், டீச்சரே."