பொது நிர்வாகவியல் பேராசிரியர் ஆக: நெட் தேர்வும் அதற்குப் பின்னான கணக்கும்

புத்தகத்தைத் திறக்கும் முன் உங்கள் எம்.ஏ. சான்றிதழில் பாடப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘பொது நிர்வாகம்’ என்று தனியாக இருக்கிறதா, ‘அரசியல் மற்றும் பொது நிர்வாகம்’ என்று சேர்ந்திருக்கிறதா? தமிழ்நாட்டில் வேலை விளம்பரத்தில் வேறு பெயர் வந்தால், இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு முந்தின வாரம் அதைத் தேடி அலைவதைவிட, நெட்டுக்கு (உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) விண்ணப்பிக்கும்போதே பிரதி எடுத்து வைப்பது நல்லது. நெட்டில் பொது நிர்வாகவியலின் எண் 14, அரசியல் அறிவியலின் எண் 02. கூட்டுப் பட்டம் வைத்திருப்பவர்கள் முந்தைய விளம்பரங்களில் எந்தத் துறைக்கு அதிக இடம் வந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதல் தாள் (கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற பொதுத் திறன்) 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் (உங்கள் பாடம்) 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து 3 மணி நேரம்தான், நடுவில் இடைவேளை கிடையாது. தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதால் ஒரு கேள்வியையும் விடக் கூடாது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 50. பொதுப் பிரிவில் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தகுதிப் பட்டியலுக்குள் வருவதற்கான வாசல் மட்டுமே. இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேரைத்தான் உதவிப் பேராசிரியர் தகுதிக்குத் தேர்ச்சி என்று அறிவிப்பார்கள்.

பிசி, எம்பிசி பிரிவினர் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியது வேண்டும்.

இரண்டாம் தாளில் பத்து அலகுகள். மதிப்பெண் கசிவது பெரும்பாலும் நிர்வாகச் சிந்தனையில். கோட்பாடு புரிந்திருக்கும், ஆண்டு தெரிந்திருக்காது. ‘கால வரிசைப்படுத்துக’ என்று ஒயிட், வில்லோபி, குலிக்–உர்விக், பர்னார்டு, சைமன் ஆகியோரின் நூல்களைக் கொடுத்தால் விடை 1926, 1927, 1937, 1938, 1947. குலிக்குக்கும் பர்னார்டுக்கும் இடையே ஓராண்டுதான் வித்தியாசம். இடம் மாறுவது அங்கேதான். இன்னொரு பொறி, அமெரிக்காவில் நடந்த மின்னோபுரூக் பொது நிர்வாகவியல் மாநாடு. மாநாடு நடந்தது 1968, மரினி தொகுத்த நூல் வந்தது 1971; கேள்வி மாநாட்டையா நூலையா கேட்கிறது என்று இரண்டு முறை படிக்க வேண்டும். ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்காது. யார் யாரை மறுத்தார் என்று கோர்த்துப் படியுங்கள்: நிர்வாகக் கொள்கைகளை வெறும் பழமொழிகள் என்று சைமன் சாடினார் என்றால், குலிக் அந்தக் கொள்கைகளை அவருக்கு முன்பே எழுதியிருந்தால்தானே முடியும்?

இந்திய நிர்வாகத்தில் பஞ்சாயத்து அமைப்பை ஆராய்ந்த குழுக்களுக்கு ஒரே பக்கக் குறிப்பு போதும். பல்வந்த்ராய் மேத்தா 1957, அசோக் மேத்தா 1977–78, ஜி.வி.கே. ராவ் 1985, சிங்வி 1986. எதிரே மூன்றடுக்கா இரண்டடுக்கா என்று எழுதிக்கொள்ளுங்கள். அசோக் மேத்தா மட்டும் இரண்டடுக்கு சொன்னவர் என்பது திரும்பத் திரும்ப வரும். ஆராய்ச்சி முறையியல் அலகை ‘அது புள்ளியியல்’ என்று ஒதுக்குபவர்கள் முதல் தாளின் ஆராய்ச்சித் திறன் கேள்விகளையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இந்தப் பாடத்தின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் ‘கட்டுப்பாட்டு வீச்சு’ என்பதற்கு நேரே ‘ஸ்பான் ஆஃப் கண்ட்ரோல்’ என்று இருபத்தியாகக் குறிப்பேடு போடுங்கள். கருத்தைத் தமிழிலேயே படிக்கலாம், சொல்லை மட்டும் ஆங்கிலத்திலும் பழக்குங்கள்.

முதல் தாளில் தரவு விளக்கத்துக்கு 5 கேள்வி, பத்தி வாசிப்புக்கு 5 கேள்வி. பதற்றம் இல்லாவிட்டால் இந்த 20 மதிப்பெண் கைக்குள் இருக்கும். கடைசி பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைத்தால் அட்டவணையில் தப்பான வரியைப் படிப்பீர்கள்.

தேர்ச்சிக்குப் பிறகான ஏணி நீளமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நேரடியாகப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, ஆய்வு மதிப்பெண் 120 வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது: முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட காலம் அனுபவமாகக் கணக்கில் வராது. பணியில் இருந்துகொண்டே, விடுப்பு எடுக்காமல் ஆய்வு செய்த காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐந்தாண்டு முழுநேர ஆய்வை அனுபவக் கணக்கில் சேர்த்து விண்ணப்பித்தால், நேர்காணலுக்கு முன்பே விண்ணப்பம் கழிந்துவிடும். பகுதிநேரமாகச் செய்பவர்கள் விடுப்பு எடுக்கவில்லை என்பதற்குக் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள், அங்கே பணியில் இருக்கும்போதே.