வேலை முடிந்து வந்த வண்டியில் அதிர்வா?

கிளட்ச் மாற்றி வாங்கிய வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அதிர ஆரம்பித்தது. "வீல் பேலன்சிங் பண்ணிடுங்க சார், சரியாகிடும்" என்றார் மெக்கானிக். அதற்குச் செலவு செய்யும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். காலியான நேர்ச் சாலையில், அதிர்வு வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடுங்கள். அதிர்வு நின்றால் இன்ஜின், கிளட்ச், மவுன்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்) பக்கம் பாருங்கள். நிற்காவிட்டால் பெரும்பாலும் சக்கரம் அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு).

என் வண்டியில் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கும் ஆடவில்லை, சீட்டுக்கு அடியில் மட்டும் 'உர்ர்' என்று ஒரு ரீங்காரம். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஷாஃப்ட் அதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு சுற்றும். அதனால்தான் சக்கரக் கோளாறு உலுக்குகிறது, ஷாஃப்ட் கோளாறு ரீங்கரிக்கிறது.

கீழே படுத்துப் பார்த்தால், ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் (பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி) போல்ட்டால் சேரும் ஃபிளேஞ்ச் தட்டுகளில், நேராகச் சேர வேண்டிய பெயின்ட் கோடுகள் எதிரெதிர்ப் பக்கம்! 180 டிகிரி திருப்பி, கோட்டோடு கோடு சேர்த்து மாட்டியதும் அதிர்வு போயே போச்சு.

கிளட்ச் மாற்றுவதுபோல் கியர்பாக்ஸ் இறக்கும் வேலை என்றால், ஷாஃப்டைக் கழற்றும் முன்பே கோடு போடச் சொல்லிவிடுங்கள். அப்புறம், முன்சக்கரம் இழுக்கும் வண்டி ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் உலுக்கினால், முதலில் உள்பக்க சிவி ஜாயின்ட்டை (சக்கரத்துக்குப் போகும் தண்டின் கியர்பாக்ஸ் பக்க மூட்டு) பார்க்கச் சொல்லுங்கள்.