நோயுற்ற ஃபெரட் குட்டியும் மூன்று மணி நேரக் கணக்கும்

லண்டனில், ஹாரோவில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கடந்த ஜூலை மாதம் ஏழு கிழமை வயதான இரண்டு ஃபெரட் குட்டிகள் வந்து சேர்ந்தன. வெள்ளை நிற ஆணுக்கு உப்பு என்றும், கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட பெண்ணுக்கு மிளகு என்றும் மகள் பெயர் வைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கதைக்கும் அம்மாவுக்கு இரண்டும் இன்றுவரை கீரிப்பிள்ளைதான். கீரி வேறு குடும்பம், இது நீர்நாய்க்கு உறவு என்று விளக்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

விற்றவர் தந்தனுப்பிய உலர் உணவுப் பையின் பின்புறத்தை அன்றிரவே படித்திருந்தால் பிறகு பட்ட பாட்டில் பாதியாவது குறைந்திருக்கும். மலிவான பூனை உணவு அது. பட்டியலில் முதலாவதாகச் சோளம் இருந்தது, இறைச்சி எங்கோ நடுவில் ஒளிந்திருந்தது. வளரும் ஃபெரட் குட்டியின் உணவில் ஏறத்தாழ 35 வீதம் புரதமும் 20 வீதம் கொழுப்பும் இருக்க வேண்டும், இரண்டும் விலங்கிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். அதன் குடல் மிகக் குட்டையானது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே நாய்க்கோ பூனைக்கோ ஒரு நாள் பட்டினி என்பதும் இந்தக் குட்டிக்கு ஒரு நாள் பட்டினி என்பதும் ஒன்றல்ல. இந்தக் கணக்கை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். நான் போன இடங்களில் சிலர் கடைசிவரை விளங்கிக்கொள்ளவேயில்லை.

மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, மிளகின் மலம் பச்சை நிறத்தில் சளி போல வந்தது. பின்னேரத்துக்குள் மலவாயில் பயறு அளவில் சிவந்த சதை ஒன்று வெளியே தள்ளி நின்றது. அருகிலுள்ள மிருக வைத்திய நிலையத்துக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். பதிவு செய்த பெண்மணி மிகவும் அன்பாகப் பேசி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் தந்தார். வயிற்றோட்டத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்காதது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

இடையில் இருந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தவறு நடந்தது. அடுத்த வீட்டில் வசிக்கும் முதியவரின் தகப்பனார் முயல் பிடிப்பதற்காக ஃபெரட் வளர்த்தவராம்; பாணைப் பாலில் ஊறவைத்துக் கொடு, அதைத்தான் நாங்கள் காலங்காலமாகக் கொடுத்தோம் என்றார். இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் அப்படியொரு வழக்கம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் பாலில் உள்ள சீனியை இந்தக் குடல் தாங்காது, பாணில் இதற்கு வேண்டியது எதுவுமே இல்லை. மிளகு ஆவலோடு நக்கிக் குடித்ததைக் கண்டு நான் மகிழ்ந்துபோனேன். இரவுக்குள் வயிற்றோட்டம் இரண்டு மடங்கானது.

திங்கட்கிழமை இரண்டு பேருந்து மாறி அந்த நிலையத்துக்குப் போனேன். பெட்டியைத் திறந்து பார்த்த உதவியாளர், “இது பறவை இல்லையே!” என்றார். நான் சொன்ன ஃபெரட், சனிக்கிழமை அந்தப் பெண்மணியின் காதில் ‘பரட்’ என்று விழுந்து, மிளகு ஒரு கிளியாகப் பதிவாகியிருந்தது! ஆய்த எழுத்தைத் தாளில் போடுவது எளிது, நாக்கில் போடுவது வேறு விடயம். கிழமைக்கு ஒரு நாள் பறவைகளைப் பார்க்க வரும் வைத்தியருக்கு என்னை ஒதுக்கியிருந்தார்கள். நாய், பூனை பார்க்கும் மற்ற வைத்தியர்கள் எவரும் ஃபெரட் பார்ப்பதில்லை என்றும் சொன்னார்கள். வேறோர் இடத்தின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்து அனுப்பிவிட்டார்கள்.

இதில் என் பிழையும் உண்டு. பிரித்தானியாவில் மிருக வைத்தியர்களின் தொழில் நெறிப்படி, நோயுற்ற விலங்கு எந்த இனமானாலும், தங்கள் திறமைக்கு உட்பட்ட அவசர முதலுதவியும் வலி நீக்கமும் கிடைக்க அவர்கள் வழிசெய்ய வேண்டும். “உங்களிடம் பதிவு செய்ய வரவில்லை, அவசர முதலுதவி கேட்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி அப்படியே திரும்பி வந்திருக்காது. தொலைபேசியில் விலங்கின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். ஃபெரட் பார்த்துப் பழகிய வைத்தியர் அன்றைக்கு இருக்கிறாரா என்றும் கேளுங்கள். குட்டியை வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்திருப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது நிலையத்தில் செவ்வாய்க்கிழமை பார்த்தார்கள். வைத்தியர் பிடரித் தோலை இலேசாக இழுத்து விட்டபோது அது உடனே படியாமல் கூடாரம் போல நின்றது, நீரிழப்பு. நிறுவையில் மிளகு 215 கிராம், உடன்பிறந்த உப்பு 360 கிராம். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், வெளித்தள்ளிய சதையை ஈரமாக வைத்திருக்கக் களிம்பு தந்தார். வயிற்றோட்டம் நின்றால் அது பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்விடும் என்றார், பின்னர் போகவும் செய்தது.

காரணத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இழுபறி. நான் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன மலம் காய்ந்துவிட்டதென்று ஒதுக்கினார்கள். அங்கேயே எடுத்த புதிய மாதிரியில் ஒன்றுமில்லை என்று புதன்கிழமை தொலைபேசியில் அறிவித்த எழுதுவினைஞர், ஒரு கிழமை பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். ஒரு கிழமை! மிளகின் கணக்கில் அது ஐம்பதுக்கு மேற்பட்ட சாப்பாட்டு நேரம். வைத்தியரோடு நேரில் கதைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற பிறகுதான், குட்டிகளில் அடிக்கடி காணப்படும் கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிவருவதில்லை, ஒரு தடவை காணவில்லை என்பதை வைத்து அது இல்லை என்று முடிவு செய்ய முடியாது என்பது தெரிய வந்தது. மூன்று நாள் மலத்தைச் சேர்த்து, இறுக மூடிய குப்பியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். நெத்தலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் அதை வைப்பதா என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்னும் இரண்டு பைகளில் சுற்றி வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை கொக்சிடியா என்று உறுதியானது.

அந்த நாட்களைக் கடத்தியது சாப்பாடுதான். நோயாளிப் பிராணிகளுக்கான ஹில்ஸ் ஏ/டி தகர உணவை வெந்நீரில் கரைத்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும், கொடுத்தோம். முதலில் விரல் நுனியில் வைத்து நக்க விட வேண்டும். நக்கினால் சிரிஞ்சைத் தொடவே வேண்டியதில்லை. நக்க மறுத்தால், ஊசியில்லாத ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சை வாயின் பக்கவாட்டில் வைத்து இரண்டு மூன்று துளிகள் விட்டு, விழுங்குவதைக் கண்ட பிறகே அடுத்த துளி. குட்டியை மல்லாத்திப் பிடிக்கவே கூடாது.

இரண்டாம் இரவு நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினால் ஃபெரட் தளர்ந்துபோய்ப் பெரிதாகக் கொட்டாவி விடும். வாய் தானாகத் திறக்கிறதே என்று அந்த நேரம் பார்த்து அரை மில்லிலீற்றரை உள்ளே தள்ளினேன். அது மூக்கால் வந்தது. மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால் நிமோனியாவாக முடிந்திருக்கும்; மறுநாள் வைத்தியர் நெஞ்சில் மூன்று தடவை குழாய் வைத்துக் கேட்ட அந்த ஒரு நிமிடத்தில் நான் கும்பிடாத கடவுள் இல்லை. நல்லூர்க் கந்தன் கைவிடவில்லை. கொட்டாவியை நம்பாதீர்கள்.

நான்காம் இரவு மூன்று மணிக்கு எழுப்பினேன், எழும்பவில்லை. ஃபெரட்டுகள் பிணம் போலத் தூங்கும் என்று படித்திருந்தேன். ஆனால் நோயுற்ற குட்டியில் அது தூக்கமா, இரத்தச் சர்க்கரை விழுந்துவிட்டதா என்று கையில் வைத்துக்கொண்டு ஆராய முடியாது. தேனை விரலில் தொட்டுப் பல் முரசில் பூசினேன், வாய்க்குள் ஊற்றவில்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகு நாக்கின் நுனி வெளியே வந்தது. உடனே இறைச்சிக் கரைசலைக் கொடுத்தேன். தேன் அந்த அவசரத்துக்கு மட்டுமே, அது உணவாகாது. எதுவாகவும் இருந்திருக்கலாம் என்றார் வைத்தியர், ஆனால் செய்தது சரி என்றார். அந்த ஒரு சொல்லில் நான்கு நாள் நித்திரை எனக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

மருந்து ஸல்ஃபா வகை. அறிகுறி எதுவுமில்லாத உப்புக்கும் சேர்த்து, இரண்டு கிழமை. மலம் கெட்டியானவுடன் நிறுத்திவிட ஆசை வரும், நிறுத்தக்கூடாது. மருந்தைவிடத் துப்புரவே அலைக்கழித்தது. நான் போத்தல் போத்தலாக வெளுப்புத் திரவம் ஊற்றிக் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொக்சிடியாவின் முட்டைகளை அது கொல்லாது, நீராவியும் கொதிநீருமே கொல்லும் என்று ஒரு கிழமை பிந்தித்தான் சொன்னார்கள். துணிகளை எல்லாம் கொதிக்க வைத்தோம், மலத்தட்டை ஒவ்வொரு நாளும் மாற்றினோம்.

இதற்கிடையே எனக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தது. மனிதரின் இன்ஃபுளுவென்சா ஃபெரட்டுக்கு எளிதில் தொற்றும். 1933இல் இதே லண்டனில், தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் மனித இன்ஃபுளுவென்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளின் உதவியால்தான். ஐந்து நாட்கள் சிரிஞ்சு மனைவியின் கைக்குப் போனது. என்னைவிட அவர் பொறுமையாகக் கொடுத்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு கொக்சிடியா காணப்படவில்லை. பூனைக்குட்டிகளுக்கான, இறைச்சி மிகுந்த உலர் உணவை ஊறவைத்து, ஏ/டியோடு சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாட்களில் மாற்றினோம். குட்டிப் பருவத்தில் எந்த மணத்தை உணவென்று பழகுகிறதோ அதையே ஃபெரட் பிறகும் உணவாக ஏற்கும். ஆறு மாதம் கடந்தால் புதிதாகப் பழக்குவது பெரும்பாடு. ஆகையால் உடல் தேறியவுடன் அவித்த கோழி, பச்சை முட்டை மஞ்சட்கரு, இரண்டு மூன்று விதமான உலர் உணவு என எல்லாவற்றையும் துளித் துளியாகக் காட்டி வைத்தோம். காப்புறுதிக்காரர் முதல் 14 நாட்களுக்குள் வந்த நோய் என்று பணம் தர மறுத்தது தனிக்கதை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, படிக்காதது நான்.

செப்டெம்பர் முதலாம் திகதி குசினித் தராசில் மிளகு 520 கிராம். நிறுத்துக்கொண்டிருக்கும்போதே என் காலுறையை இழுத்துக்கொண்டு கதிரைக்குக் கீழே ஓடிவிட்டது. அதே கிழமையில் முதலாவது நிலையத்திலிருந்து தபாலில் ஓர் அட்டை வந்தது: உங்கள் கிளி மிளகின் அலகையும் நகங்களையும் வெட்டும் காலம் நெருங்குகிறது, தயவுசெய்து நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்.