மாமியின் அன்கா ரிப்போர்ட்

"தம்பி, நெகட்டிவ் எண்டு போட்டிருக்கு. அப்ப எனக்கு ஒண்டுமில்லைத்தானே?"

கிளினிக் வாசல் வாங்கில இருந்தபடி மாமி ரிப்போர்ட்டை நீட்டினா. அதில ரெண்டு புரதத்தின்ர பேர்: பிஆர்3, எம்பிஓ. ரெண்டுக்கு நேரேயும் நெகட்டிவ்.

மாமியின்ர காலில ஊதாப் புள்ளியள். விரலால அமத்திப் பார்த்தன், நிறம் மாறேல்லை; தோலுக்குள்ள ரத்தம் கசிஞ்ச புள்ளியள்.

வெள்ளை அணுவில நியூட்ரோஃபில் எண்டு ஒரு வகை. அதுக்குள்ள இருக்கிற புரதங்கள்தான் இந்த ரெண்டும். இதுகளுக்கு எதிரா உடம்பே பிறபொருளெதிரி செய்தால் (அதுதான் அன்கா) சின்ன ரத்தக்குழாயள் அழற்சியில வீங்கலாம். சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் அடிபடலாம். முந்தி நுணுக்குக்காட்டியில ஒளிர்வைப் பார்த்துத்தான் சொல்லுவினம். 2017இல வந்த சர்வதேச நிபுணர் இணக்கத்துக்குப் பிறகு, இந்த ரெண்டுக்கும் எதிரான பிறபொருளெதிரியை நேரடியா அளக்கிற சோதனைதான் முதல்.

ஆனா நெகட்டிவ் எண்டவுடன வருத்தம் இல்லை எண்டு எழுதி ஒட்டேலாது. ரத்தக்குழாய் அழற்சியில எல்லா வகையிலும் அன்கா வராது. வாற வகையிலும் சிலருக்கு வராது.

மற்றப் பக்கமும் உண்டு. காசநோய், இதய வால்வுத் தொற்று, தைராய்டுக்குக் குடுக்கிற புரொப்பைல்தயோயுரசில் மாத்திரை, இதுகளாலயும் பொசிட்டிவ் வரலாம். தனித் தாளை வைச்சு ஸ்டீரொய்ட் தொடங்கிறது ஆபத்து. (வாட்ஸ்அப்பில ரிப்போர்ட் வாசிக்கிற உறவுக்காரர் கவனிக்க.)

டொக்டர் ரிப்போர்ட்டை ஓரமா வைச்சிட்டுச் சிறுநீரில ரத்தம், புரதம் போகுதோ எண்டு பார்க்கச் சொன்னார். சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற கிரியட்டினினும். புள்ளி இருக்கிற இடத்தில தோல் துண்டொண்டும் எடுக்க வேணுமாம்.

"அதுக்குச் சாப்பிடாமல் வரோணுமோ?" எண்டா மாமி.

"இல்லை மாமி, சாப்பிடலாம்."


"அப்ப வா, ஒரு தேத்தண்ணி குடிப்பம்."