எண்பது ஆண்டு தள்ளி ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 15, 2025

தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் 1945-இல் இருக்கிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வந்த மாதங்களை அந்தந்தத் தேதியிலேயே படிப்பது என்று ஒரு வீம்பு.

அன்று நண்பகல் ஜப்பான் வானொலியில் பேரரசர் ஹிரோஹிட்டோ பேசினார். சாதாரண சனங்கள் அதற்குமுன் அவர் குரலைக் கேட்டதே இல்லை. முந்தின இரவே இசைத்தட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். சரணடைய மனமில்லாத இளம் அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து தேடியும் தட்டு சிக்கவில்லை. பேச்சோ பழைய அரசவை நடை, வானொலியிலோ இரைச்சல். பலருக்கு ஒன்றும் புரியாமல், பிறகு அறிவிப்பாளர் விளக்க வேண்டியதாயிற்று. ‘சரணடைகிறோம்’ என்ற சொல்லே அதில் கிடையாது. போர் நிலைமை ஜப்பானுக்குச் சாதகமாக அமைந்ததாகச் சொல்வதற்கில்லை என்கிறார். இரண்டு அணுகுண்டு விழுந்த பிறகு!

ஆகஸ்ட் 17

ஜகார்த்தாவில் தன் வீட்டு வாசலில் சுகர்ணோ இந்தோனேசிய விடுதலையை அறிவித்த நாள். அறிக்கை மொத்தமே இரண்டு வாக்கியம். ஆண்டு ‘05’ என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழை என்று நினைத்தேன். அதுவரை அங்கே ஆண்ட ஜப்பானியரின் நாட்காட்டியில் அது 2605-ஆம் ஆண்டாம்.

செப்டம்பர் 2

டோக்கியோ விரிகுடாவில் ‘மிசௌரி’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல்மேல் சரணாகதிப் பத்திரம். கனடாவுக்காகக் கையெழுத்திட்ட கர்னல் காஸ்கிரேவ், ஜப்பானியரின் பிரதியில் ஒரு வரி தள்ளிப் போட்டுவிட்டார். அடுத்து வந்த பிரான்சும் நெதர்லாந்தும் ஒவ்வொரு வரி கீழே இறங்க, நியூசிலாந்துக்கு வரியே மிச்சமில்லை. ஜப்பானியர் சுட்டிக்காட்ட, நேசநாட்டுத் தளபதி மெக்கார்தரின் தலைமை அதிகாரி பேனாவால் நாட்டுப் பெயர்களை அடித்துத் திருத்திக் கொடுத்தார். பத்திரப் பதிவில் இப்படி நடந்திருந்தால் நம்மை இன்னொரு நாள் வரச் சொல்லியிருப்பார்கள்.

அதே நாளில் ஹனோயில் ஹோ சி மின் வியட்நாம் விடுதலையை அறிவித்தார். தொடங்கியது அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரிகளோடு.

செப்டம்பர் 12

சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டனிடம் ஜப்பானியர் சரணடைந்தார்கள். படங்களில் கொடி, அணிவகுப்பு, கூட்டம். எனக்கு நினைவு, போரின்போது ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பக்கம் போகிறது. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி வரிசையும் இல்லை, பெயரும் இல்லை. இன்று இதற்குமேல் படிக்கவில்லை.

அக்டோபர் 24

ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்த நாள். அதில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நாடு இன்னும் அடிமை, ஆனால் உறுப்பினர்!

நவம்பர் 10

காலையிலிருந்து மழை, மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுரபாயா, ஜாவாவின் துறைமுக நகரம்.

போர் முடிந்து மூன்று மாதமாகப் போகிறது. பர்மாவில் ஜப்பானியரோடு மல்லுக்கட்டிய இந்தியச் சிப்பாய்களை ஊருக்கு அனுப்பாமல் ஜாவாவுக்கு அனுப்பியது பிரிட்டன். அக்டோபர் 30-இல் சுரபாயாவில் பிரிட்டிஷ் பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட, நவம்பர் 10-இல் கப்பல் பீரங்கியும் விமானமுமாக நகரத்தின்மேல் தாக்குதல். இந்தோனேசியாவில் இன்று வீரர் தினம். அவர்களைச் சுட்ட துப்பாக்கிகளில் பாதிக்குமேல் நம்மவர் கையில் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. சில சிப்பாய்கள் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

வியட்நாமின் சைகோனில் கதை இன்னும் கோணல். அங்கே ஒழுங்கைக் காக்க, சரணடைந்த ஜப்பானியர் கையிலேயே மறுபடி துப்பாக்கியைக் கொடுத்தார் பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசி.

நவம்பர் 20

நாஜித் தலைவர்கள்மேல் நூரெம்பெர்க் விசாரணை தொடங்கிய நாள். நான்கு மொழி, எல்லார் காதிலும் கேட்பான்கருவி. பேச்சு வேகமானால் மஞ்சள் விளக்கு, நிறுத்தச் சிவப்பு. மொழிபெயர்ப்பாளர்களின் பாட்டை நினைத்துப் பார்த்தேன். அந்த வாக்குமூலங்களை ‘நான்’ என்று தன் வாயால் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 18, 2026

நடுவில் வேலை. பல தேதிகள் போய்விட்டன. சரி, இன்றைக்கு 1946-இன் பம்பாய். ‘தல்வார்’ தளத்தில் கடற்படை மாலுமிகள் வாய்க்கு விளங்காத சோற்றை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கோரிக்கைகளில் நல்ல சாப்பாடும் சம்பளமும் இருக்குமென்று தெரியும். ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கைதிகள் விடுதலையும் தெரியும். இன்னொன்றை இன்றுதான் கவனித்தேன்: இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திருப்பி அழைக்க வேண்டும்.