இலத்தீன் சுவாமி வைத்த பெயர்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இலத்தீன் படிப்பித்த பாதிரியார், தொண்ணூறு தாண்டிய இலத்தீன் சுவாமி, காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்தபோது, எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அவர் எப்போதோ போய்விட்டார் என்றே நினைத்திருந்தார்கள். இரண்டாம் மணி, மேல்மாடி, வேப்பமரப் பக்கத்து யன்னல், 'அமோ அமாஸ் அமாட்' என்று வினைச்சொல் பாடம். கூடப் படித்த உங்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள், உரோம் எழும்ப முன்னம் இத்தாலி முழுக்க இலத்தீன்தானா பேசினார்கள் என்று கேட்டேன். சுவாமி சோக்கட்டியை எடுத்தார். இத்தாலிய மொழிக் குடும்பத்தை இரண்டு கிளையாகக் கீறினார்: ஒன்றில் இலத்தீனும் அதன் பக்கத்து ஊர்த் தம்பி பலிஸ்கனும், மற்றதில் தெற்கே ஒஸ்கன், தைபர் ஆற்றுக்குக் கிழக்கே உம்பிரியன். வடகிழக்கு மொழியான வெனெத்திக்கை ஒரு கேள்விக்குறியோடு ஓரத்தில் போட்டார். 'யார்' என்பதற்கு இலத்தீனில் 'குவிஸ்' என்றால் ஒஸ்கன் பக்கம் 'பிஸ்', 'க்வ' இருக்கிற இடத்திலெல்லாம் 'ப' என்று நல்ல உற்சாகமாகத்தான் சொல்லிக்கொண்டு போனார். முடிந்ததும் என்னை வாங்கில் ஏற்றினார்.

"இவருக்குப் போன தவணை இலத்தீனில 28 புள்ளி. அதுக்குள்ள அயல் வீட்டுக்காரரை விசாரிக்கிறார். இண்டையில இருந்து இவர்தான் ஒஸ்கன்."

மணி அடிக்கும்வரை நின்றேன். ரொறன்ரோ ஒன்றுகூடலில்கூட என் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

பலேர்மோவில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியில் நேப்பிள்ஸுக்குக் கிட்ட உள்ள நோலாவில் இறங்கினேன். அங்கே குருமடத்தில் ஆளுயரச் சுண்ணாம்புக்கல் ஒன்று, இரண்டு பக்கமும் ஒஸ்கன் எழுத்து, வலமிருந்து இடமாக. கி.மு. 2ஆம் நூற்றாண்டில், எல்லையில் இருந்த ஹெர்குலிஸ் கோயிலைப் பொதுவில் வைத்துக்கொள்வதென்று நோலாவும் பக்கத்து ஊரான அபெல்லாவும் எழுதிக்கொண்ட உடன்படிக்கை. எங்கள் ஊர்க் கோயில் வழக்குகளுக்குக் கொஞ்சமும் குறையாது. ஒரு காலத்தில் வாசற்படியாகக் கிடந்ததாம்.

கி.மு. 91இல் ஒஸ்கன் பேசிய மக்கள் பலர் உரோமுக்கு எதிராக எழும்பி, இத்தாலியின் எருது உரோமின் ஓநாயைக் குத்துகிற காசுகூட அடித்தார்கள். கடைசியில் உரோமக் குடியுரிமை கிடைத்தது. மொழி கழன்று போனது. கனடாவில் சத்தியம் எடுத்த அன்று கேக் வெட்டினோம். இப்போது பேரன் என்னோடு போனில் கதைப்பது 'ஹலோ தாத்தா' மட்டும்தான், மிச்சமெல்லாம் ஆங்கிலம்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் சுவாமி ஒஸ்கனை எங்கே படித்தார், பொது நூலகத்திலா, உரோமிலா? 81இல் நூலகம் எரிய முன்னமே கேட்டிருக்கலாம். வாங்கில் நின்ற ரோசத்தில் அவரோடு கதையை விட்டிருந்தேன், 84இல் நான் வெளிக்கிட்டுவிட்டேன்.